அழித்து எழுதும் டிஸ்குக்கு எந்த சாஃப்ட்வேர்? கேள்வி-பதில்

கேள்வி: டிவிடி ரைட்டரோடு ஒரு சாஃப்ட்வேர் சும்மா வந்தது. அது போதுமா, காசு கொடுத்து வேறு வாங்கணுமா?

பதில்: எழுதி முடித்ததும் டிஸ்கைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் 'வெரிஃபை' வசதி அதில் இருக்கிறதா? இருந்தால் போதும். இல்லையென்றால் இலவசமாகவே இம்க்பர்ன் கிடைக்கிறது, லினக்ஸுக்கு கே3பி. வெரிஃபை போட்டால் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும், ஆனாலும் அதை நிறுத்தி வைக்காதீர்கள். 'எழுதியாச்சு' என்று காட்டிய டிஸ்க், தேவைப்படும் நாளில் திறக்காமல் போவதுண்டு.

கேள்வி: காலி டிஸ்கைப் போட்டால் 'யூஎஸ்பி போலவா, பிளேயருக்கா' என்று விண்டோஸ் கேட்கிறது. எதை அமுக்குவது?

பதில்: தினமும் மாறும் ஃபைல்களுக்கு முதலாவது. ஒவ்வொரு ஃபைலாகச் சேர்க்கலாம், அழிக்கலாம். ஆனால் பழைய பிளேயர்களில் அந்த டிஸ்க் ஓடாது. மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கும், ஒரேயடியாக எழுதி எடுத்து வைப்பதற்கும் இரண்டாவது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய பேக்கப் சாஃப்ட்வேரில் எழுதி வைத்தேன். புது கம்ப்யூட்டரில் டிஸ்கைப் போட்டால் ஒரே ஒரு பெரிய ஃபைல்தான் தெரிகிறது, திறக்க முடியவில்லை. கம்பெனியைக் கேட்டால் புதுப் பதிப்பை வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். அது பழைய பேக்கப்பைப் படிக்காதாம்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு தடவை காசு வாங்கிக்கொண்டு உங்கள் ஃபைலையே உங்களுக்குத் தராமல் வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக, புதுப் பதிப்புக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டால் ஃபைலையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால் அதில் போட்டு எடுத்துவிடலாம். அதுவரை அந்த டிஸ்கை அழித்துவிடாதீர்கள்.

நானும் இப்படி ஒன்றை வாங்கியவன்தான். அடுத்த விண்டோஸ் வந்ததும் அது இன்ஸ்டால் ஆகவே மறுத்தது, வீட்டுக் கணக்கு முழுக்க அதன் சொந்த ஃபார்மட்டுக்குள் கிடந்தது. பேக்கப் என்று பேர் வைத்து, தன்னைத் தவிர வேறு எதுவும் படிக்க முடியாத ஃபைலை எழுதுவது பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவதுதான். போதாததற்கு, சில சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் சுருக்கி, நாலைந்து டிஸ்கில் தொடர்ச்சியாகப் பிரித்து எழுதும். நடுவில் ஒன்று கெட்டால் மற்றவையும் உதவாமல் போகலாம். எதையும் வாங்குமுன் ட்ரயல் பதிப்பில் ஒரு ஃபோல்டரை எழுதி, அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். போட்டோ போட்டோவாகத் திறந்தால் வாங்கலாம். திறக்கவில்லையா, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: டிவிடியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் 4.38 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 ஆக.

கேள்வி: கீறலைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: கீறல் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. வாங்காதீர்கள்.

கேள்வி: குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே ஆர்டபிள்யூ டிஸ்கில். அடிக்கடி அழித்து எழுதுவேன், வேறு காப்பி கிடையாது. இப்போது பாதி திறக்கவில்லை. எந்த சாஃப்ட்வேர் மீட்கும்?

பதில்: காப்பி இல்லாத ஒரே டிஸ்கை அழித்து அழித்து எழுதலாம் என்று யார் சொன்னார்கள்? லேசர் சூட்டில் உலோகக் கலவைப் படலம் மாறி மாறித்தான் இந்த டிஸ்கில் எழுத்து விழுகிறது. சுமார் 1000 தடவை என்று சொல்லப்பட்டாலும், கையாளும் விதத்தைப் பொறுத்து அதற்கு முன்பே கெடலாம். இனி அதில் எதுவும் எழுதாமல், மீட்பு சாஃப்ட்வேரில் படிக்க முடிந்ததை ஹார்ட் டிஸ்குக்கு எடுங்கள். வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கலாம். மேலே வேறு எழுதிவிட்ட படங்கள் வராது. மிஞ்சியதை, ஒரே தடவை எழுதும் ஆர் டிஸ்க் இரண்டில் வையுங்கள்.

கேள்வி: 24 எக்ஸ் சிடி-ஆர்டபிள்யூ வாங்கினேன். என் பழைய டிரைவ் எழுத மறுக்கிறது. சாஃப்ட்வேரை மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: எந்த சாஃப்ட்வேரை மாற்றினாலும் நடக்காது. அந்த வேக டிஸ்கில் எழுதுவதற்கென்று செய்த டிரைவ்தான் அதில் எழுதும். உங்கள் டிரைவ் மாடலைச் சொல்லித்தானே வாங்கினீர்கள்? அப்படியென்றால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். சொல்லாமல் வாங்கியிருந்தாலும், டிரைவின் முகப்பில் உள்ள வேகக் குறியைக் காட்டி, அதற்குப் பொருந்தும் டிஸ்காக மாற்றிக் கேளுங்கள்.