40 ஜிபி ஃபோல்டர் காப்பி செய்ததும் 105 ஜிபி ஆவது ஏன்?

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் 40 ஜிபி இருக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டரை (சுமார் 6 லட்சம் ஃபைல்கள்) புதிய 1 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அங்கே 105 ஜிபி பிடித்துவிட்டது. வைரஸா, டிஸ்க்கில் கோளாறா?

ரெண்டும் இல்லை, பயப்படாதீர்கள். அந்த எஸ்எஸ்டியில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் பாருங்கள். 'சைஸ்' என்ற இடத்தில் அதே 40 ஜிபிதான் இருக்கும், அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' மட்டும் 105 காட்டும். அப்படி இருந்தால் காரணம் கிளஸ்டர் அளவுதான்.

எந்த டிஸ்க்கும் இடத்தைப் பைட் பைட்டாகக் கொடுப்பதில்லை, கிளஸ்டர் எனும் சம அளவுத் துண்டுகளாகத்தான் கொடுக்கும். உங்கள் லேப்டாப் டிஸ்க் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்-ல் ஒரு கிளஸ்டர் வழக்கமாக 4 கேபி. எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், அதை 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் விண்டோஸ் ஃபார்மேட் செய்தால் ஒரு கிளஸ்டர் 128 கேபி. அதாவது 2 கேபி ஃபைலும் அங்கே 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மீதி 126 கேபியில் வேறு எந்த ஃபைலும் உட்கார முடியாது. 6 லட்சம் ஃபைலுக்கு ஆளுக்கொரு கிளஸ்டர் என்று வைத்தாலே 73 ஜிபி போய்விடும். இதே 40 ஜிபி நாலைந்து சினிமா ஃபைல்களாக இருந்திருந்தால் உங்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

என்ன செய்யலாம்? தினமும் திறக்காத பேக்கப் என்றால் முழு ஃபோல்டரையும் ஒரே ஜிப் ஃபைலாக்கி வையுங்கள், நான் முதலில் சொல்வது இதைத்தான், இடமும் மிச்சம், காப்பியும் பல மடங்கு சீக்கிரம் முடியும். ஃபைல்கள் தனித்தனியாகவே வேண்டும், விண்டோஸில் மட்டும்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் எஸ்எஸ்டியை என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றிவிடலாம். மேக்கிலும் எழுத வேண்டுமா, எக்ஸ்ஃபேட்டிலேயே இருங்கள், ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ்-ஐப் படிக்கும், தானாக எழுதாது. ஆனால் அதையே மறுபடி ஃபார்மேட் செய்து, அந்த விண்டோவில் 'அலொகேஷன் யூனிட் சைஸ்' (கிளஸ்டர் அளவுதான்) என்ற இடத்தில் 4 கேபியைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதுவானாலும் ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், அதனால் லேப்டாப்பில் உள்ள மூலத்தைத் தயவுசெய்து இப்போதைக்கு நீக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, லேப்டாப் பக்கமும் அதே ப்ராபர்ட்டீஸைப் பார்த்துவிடுங்கள். அங்கே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்பது 'சைஸ்' எண்ணைவிட நன்றாகக் குறைவாக இருந்தால் கதை வேறு. ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் கம்ப்ரஷன் போட்டிருக்கலாம், பாதி காலியாக இருக்கும் வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) டிஸ்க் இருக்கலாம், அல்லது ஒன்டிரைவில் பெயர் மட்டும் இங்கே, உள்ளடக்கம் ஆன்லைனில் என்று இருக்கலாம். காப்பி செய்யும்போது இவையெல்லாம் முழு அளவுக்கு விரியும். லினக்ஸில் ஆர்சிங்க் என்ற காப்பி கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது நடக்கும், ஹார்டு லிங்க்குகளையும் (ஒரே ஃபைலுக்கு இருக்கும் பல பெயர்கள்) ஸ்பார்ஸ் ஃபைல்களையும் (காலிப் பகுதிக்கு இடம் பிடிக்காத ஃபைல்கள்) அப்படியே வைத்திருக்கும்படி அதற்கு ஆப்ஷன் கொடுத்துச் சொல்ல வேண்டும், தானாகச் செய்யாது.