அடுப்பு எரியாத சமையலறை

அன்புள்ள மேடம்,

உங்கள் சினிமாக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இது சினிமா பற்றிய கடிதம் இல்லை. பெயர் போட வேண்டாம், வீட்டில் படிப்பார்கள்.

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். நான் வீடு வந்து சேரும்போதே டிவி ஓடிக்கொண்டிருக்கும். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டி வலி, வெளியே அதிகம் போவதில்லை. ராத்திரி பத்து மணி வரை சீரியல்தான். நான் தோசை வார்த்துக்கொண்டே பாதி பார்ப்பேன், பாதி கேட்பேன்.

விஷயம் என்னவென்றால், இரண்டு பேரும் திட்டிக்கொண்டேதான் பார்க்கிறோம். போன வாரம் ஒரு சீரியலில் மருமகள் மேல் திருட்டுப் பழி. நகை யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள், அழுவாள். மாமியார் டிவியைப் பார்த்தே சத்தம் போட்டார்: "கையில போனை வெச்சிக்கிட்டு ஏண்டி அழற? உம் புருஷனுக்கு ஒரு போனைப் போடு, முடிஞ்சுது!" அப்புறம் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் குழம்பைக் கிளறினாள். "அத்தை, அடுப்பே எரியல பாருங்க" என்றேன். நிஜமாகவே எரியவில்லை.

விளம்பரம் வந்தால் சத்தம் தூக்கிவிடுகிறது, ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. முகத்துக்குப் போடும் க்ரீம் விளம்பரத்தைக் கண்டாலே, "பேரை மாத்திட்டானாம். அப்பவும் வெள்ளையா இருக்கறவதானே வர்றா?" என்பார் மாமியார். என் கணவரோ, சீரியலுக்கு விளம்பரமே தேவலை, முப்பது செகண்டில் முடிந்துவிடுகிறது என்கிறார்.

கல்லூரியில் படிக்கும் மகன் முந்தாநாள் கேட்டுவிட்டான்: "இவ்வளவு கேவலமா இருந்தா ஆஃப் பண்ண வேண்டியதுதானே? திட்டறதையும் திட்டிட்டுப் பார்க்கவும் செய்யறீங்க. மூளையே இல்லையா?" மாமியார் முகம் வாடிப்போய்விட்டது. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் செய்வது முட்டாள்தனமா? சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள் யாரும் சீரியலைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

ஒரு வாசகி
பெரம்பூர், சென்னை

*

அன்புள்ள தோழிக்கு,

முட்டாள்தனம் இல்லை. உங்கள் மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, பேட்ஸ்மேனையும் கேப்டனையும் நாள் முழுக்கத் திட்டுகிறவரை யாரும் மூளை இல்லாதவர் என்று சொல்வதில்லை. ஆட்டம் தெரிந்தவர் என்கிறோம். முப்பது வருடமாகக் குடும்பக் கதை பார்த்த ஒரு பெண்மணி, இந்த இடத்தில் கதை பொய் என்று சொன்னால் அவருக்கும் ஆட்டம் தெரியும் என்றுதான் அர்த்தம். நானும் சீரியல் பார்ப்பவள். பல வருடமாகப் பார்க்கிறேன், திட்டவும் செய்கிறேன்.

உங்கள் மாமியார் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அவள் ஏன் போன் செய்யவில்லை? செய்தால் கதை முடிந்துவிடும். தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒரு நாள்தான் நாடகம். பதின்மூன்று வாரம் என்று கணக்கு வைத்து எழுதுவார்கள், முடிப்பார்கள். சன் டிவி 1993ல் வந்த பிறகும் சில வருடங்கள் வாரத் தொடர்கள் நன்றாகவே ஓடின. நாகா இயக்கிய 'மர்மதேசம்' பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வாரக் காத்திருப்பு நினைவிருக்கும். 1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' வந்து தினசரித் தொடரை வீட்டு வழக்கமாகவே ஆக்கிவிட்டது. அப்புறம் வந்த 'கோலங்கள்' 2003லிருந்து 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் போனது. இன்றைக்கு வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருடத்துக்கு முந்நூறு எபிசோடு. அவ்வளவு நாளைக்கு இழுக்கக்கூடிய சிக்கல் எந்தக் குடும்பத்திலும் கிடையாது. ஆகவே அவிழ்க்கத் தெரிந்த முடிச்சைக்கூட யாரும் அவிழ்க்கக் கூடாது. தெரிந்தவள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வந்தவருக்கு மயக்கம் வர வேண்டும், சொல்லப் போகிற நேரத்தில் காலிங்பெல் அடிக்க வேண்டும்.

விளம்பர இடைவேளையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதில் பத்து நிமிடம் வியாபார விளம்பரம், இரண்டு நிமிடம் சேனலின் சொந்த ப்ரோமோ. அரை மணி ஸ்லாட்டில் டைட்டில், முன்கதை, 'தொடரும்' எல்லாம் போக மிஞ்சுவதுதான் கதை. ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் நம்மை நாற்காலியில் பிடித்து வைக்க ஓர் அதிர்ச்சி வேண்டும். அதற்காகத்தான் ஒரு வாக்கியத்துக்கு எட்டு பேருடைய முகத்தை மூன்று முறை காட்டுகிறார்கள். எழுதுகிறவருக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ஒரு எபிசோடுக்கான வசனம் எழுதித் தர வேண்டிய வேலை அது. எத்தனை நல்ல எழுத்தாளராக இருந்தாலும் கை சோர்ந்துவிடும்.

சரி, அந்த அடுப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். வளசரவாக்கம், போரூர், ஈசிஆர் பக்கம் வாடகைக்கு எடுத்த பங்களாக்களில் ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. நிஜமாக அடுப்பைப் பற்ற வைத்தால் குழம்பு வற்றும், ஆவி பறக்கும், அடுத்த ஷாட் முந்தைய ஷாட்டோடு பொருந்தாமல் கன்டினியூட்டி இடிக்கும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் எரியாதது அடுப்பு மட்டுமா என்று பாருங்கள். நாலு மருமகள்கள் வரிசையாக நின்று பேசுகிற அந்தச் சமையலறையில் சிலிண்டர் தீர்ந்து போனதாக நான் பார்த்ததில்லை. மெட்ரோ வாட்டர் லாரிக்கு யாரும் குடத்தோடு காத்திருப்பதில்லை. ஹீரோ ஏதோ ஒரு கம்பெனிக்கு எம்டி. அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று ஒரு வருடம் பார்த்தாலும் தெரிய வராது. கோடிகள் கைமாறும், மாதச் சம்பளம் வராது. ஈஎம்ஐ வராது. நீங்கள் அம்பத்தூரில் காலையிலிருந்து கணக்குப் பார்த்துவிட்டு வந்து தோசைக் கல்லைப் போடுகிறீர்கள். உங்களைப் போல வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிற பெண் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறாள். அந்தக் களைப்பு எந்தச் சீரியல் நாயகியின் முகத்திலும் தெரிவதில்லை. அவளுக்கு எட்டு மணி நேர அழுகை இருக்கிறது, ஒரு மணி நேர வேலை கிடையாது. குழம்பு கொதிக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் வாழ்க்கை அந்தத் திரையில் இல்லை என்றுதான் சொன்னீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் வாழ்க்கை திரையில் இருந்தபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். திருமுருகனின் 'மெட்டி ஒலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா, டெல்லி குமார் நடித்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும், மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள், சீர் எப்படிச் செய்வது என்ற கவலை அவர் நடையிலேயே தெரிந்தது. 2020ல் ஊரடங்கால் ஷூட்டிங் நின்றுபோனபோது அதைத் திரும்ப ஒளிபரப்பினார்கள். கதை முழுக்கத் தெரிந்தவர்களும் மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். கடனுக்குப் பயப்படுகிற ஒரு மனிதரை நமக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்க முடிகிறது.

'எதிர்நீச்சல்' இன்னொன்று. 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம்தான் இதையும் இயக்கினார். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து சமையலறைக்குள் அடைத்து வைக்கும் ஒரு வீடு. மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனை யாரும் கற்பனை வில்லனாகப் பார்க்கவில்லை. பெரியப்பா இப்படித்தான் பேசுவார், எங்கள் வீட்டு மூத்தவர் இப்படித்தான் சோபாவில் உட்காருவார் என்று பெண்கள் அடையாளம் சொன்னார்கள். அவருடைய "இந்தாம்மா ஏய்" ஊரெல்லாம் பரவியது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமானபோது, தினமும் அவர் பாத்திரத்தைத் திட்டித் தீர்த்த வீடுகளே கலங்கின. திட்டுவதும் ஒட்டுதல்தான். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வான் என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். விளம்பரமே தேவலை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முப்பது செகண்டில் முடிவது உண்மை. அந்த முப்பது செகண்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு மசாலாப் பொடி விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். விடிகாலை வெளிச்சம். அவள் மட்டும் எழுந்து, குளித்து, தலைவாரி, புடவை கசங்காமல் நிற்கிறாள். பொடி விழுகிறது, குழம்பு சிவக்கிறது. கணவன் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடுகிறான். மாமனார் இன்னும் கொஞ்சம் கேட்கிறார். மாமியார் தலையாட்டுகிறார். கடைசி ஷாட்டில் அவள் எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மேஜையில் அவளுக்கு நாற்காலியும் இல்லை. அடுத்த விளம்பரத்தில் அதே மாதிரி ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறாள், அதே சிரிப்போடு. சீரியல் நாயகிக்காவது அழுகை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. "எனக்கு வலிக்கிறது" என்று அவள் சொல்கிறாள். தப்பான காரணத்துக்காகச் சொன்னாலும் சொல்கிறாள். இவளுக்கு அதுவும் கிடையாது. ஒரு ராத்திரியில் இதைப் பத்து முறை பார்க்கிற பெண் குழந்தைக்கு எது பதியும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

க்ரீம் விளம்பரத்தில் உங்கள் மாமியார் பிடித்தது மிகச் சரி. 2020ல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. அதற்கு முன்பே, 2014ல், விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி தெளிவாக விதி வகுத்தது: கறுப்பாக இருப்பவர்களுக்கு வேலை கிடைக்காது, கல்யாணம் ஆகாது, அவர்கள் சந்தோஷமாக இல்லை என்றெல்லாம் காட்டக் கூடாது. அப்படி நேரடியாகக் காட்டுவது குறைந்துதான் இருக்கிறது. ஆனால் நடிக்க வருகிற பெண்ணின் நிறம் அதேதான். நம் ஊர்ப் பெண்களின் நிறம் நம் ஊர் டிவியில் வருவதில்லை என்பது எனக்குத் தீராத ஆத்திரம். சீரியல் நாயகிகளுக்கும் இது பொருந்தும்.

கடைக்காரர்களே வந்து நிற்கும் விளம்பரங்கள் எனக்குப் பிடிக்கும். மறைந்த வசந்தகுமார் தன் கடைக்குத் தானே வந்து நின்றார். நகைக்கடை கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து, மற்ற கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள் என்கிறார். பொருளை விற்க வந்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். நம் வீட்டு மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தருவதில்லை.

சத்தம் பற்றி: விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று கேபிள் டிவி விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை என்பது உங்கள் உரிமை. விளம்பரம் சொல்லும் விஷயம் தவறு என்றால் ஆஸ்கிக்கு யார் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம், வாட்ஸப்பிலும் முடியும். உங்கள் மகனிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை வருகிற படத்துக்குச் சனிக்கிழமைக்குள் நூறு விமர்சனம் வருகிறது. தினமும் வீட்டுக்குள் வருகிற கதைக்கு விமர்சகர் இல்லை. அது வீட்டுப் பெண்கள் பார்ப்பது, அதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. டிஆர்பி எடுக்கும் பார்க் (BARC) என்ற அமைப்பு, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து எந்தச் சேனல் ஓடுகிறது, வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. பார்த்தவர் என்ன சொன்னார் என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. நடிகை மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போட்டுவிட்டுக் கதை நகர்கிறது. நாம் முகம் சுளித்தது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தினமும் லட்சக்கணக்கான பெண்கள் கூர்மையாகச் செய்கிற விமர்சனம், சமையலறையிலேயே சொல்லி முடிந்துபோகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

அதனால் அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு முறை தொடர்களைப் பற்றிய கடிதங்களை இங்கே வெளியிடுவதாக இருக்கிறேன். முதல் கடிதம் உங்கள் மாமியாருடையதாக இருந்தால் சந்தோஷப்படுவேன். எந்தத் தொடர், எந்தக் காட்சி, அங்கே என்ன நடந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அவர் பேசுகிற மாதிரியே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.