சிக்னல் ஃபுல்லா இருந்தும் லேப்டாப்பில் வைஃபை ஏன் திணறுகிறது?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு தளம், 70 லேப்டாப். பழைய ரவுட்டர்களை எடுத்துவிட்டு போன மாதம் 6 புது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) மாட்டினோம். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் சிக்னல் ஃபுல். ஆனால் சில லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கீழ்த்தளத்திலிருந்து மீட்டிங்குக்கு மேலே போனால் வீடியோ கால் உறைந்துவிடுகிறது. மாட்டிக் கொடுத்தவர் பவரைக் கூட்டச் சொன்னார், கூட்டினோம், இன்னும் மோசமானது. அதே இடத்தில் செல்போன் நன்றாக ஓடுகிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த 54. துல்லியமாக 54-லேயே ஒரு லேப்டாப் நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது என்க்ரிப்ஷன் செட்டிங்கைத்தான். 802.11என் என்ற வைஃபை தலைமுறை வந்த காலத்திலிருந்தே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: டிகேஐபி (TKIP) அல்லது வெப் (WEP) என்ற பழைய பூட்டைப் பயன்படுத்தினால் புதிய வேகங்கள் கிடைக்காது, கருவி எவ்வளவு புதியதாக இருந்தாலும் 54-லேயே நின்றுவிடும். நீங்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டதால், சில லேப்டாப்பில் பழைய ரவுட்டர் காலத்து ப்ரொஃபைல், அதாவது சேமித்து வைத்த செட்டிங், டிகேஐபியோடு அப்படியே தங்கியிருக்கலாம், ஆக்சஸ் பாயின்ட்டிலும் இரண்டு பூட்டையும் ஏற்கும் கலப்பு முறை போட்டிருந்தால் அது மறுப்பேதும் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' (netsh wlan show interfaces) கொடுத்து சைஃபர் (Cipher) என்ற வரியைப் பாருங்கள். சிசிஎம்பி (CCMP) என்று இருந்தால் சரி, அதுதான் ஏஇஎஸ் என்ற புதிய பூட்டு. டிகேஐபி என்று இருந்தால் ஆக்சஸ் பாயின்ட்டில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றிவிட்டு, லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து மறுபடி இணையுங்கள். எல்லா லேப்டாப்புக்கும் மையமாகச் செட்டிங் அனுப்பும் குரூப் பாலிசி வழியாக ப்ரொஃபைல் போகிறது என்றால் அங்கேயும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழையது திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். சைஃபர் சரியாக இருந்தும் 54 என்றால் ஆக்சஸ் பாயின்ட்டில் டபிள்யூஎம்எம் (WMM, வீடியோ, குரலுக்கு முன்னுரிமை தரும் செட்டிங்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமலும் 802.11என் வேகங்கள் வராது.

அடுத்தது மேலே போனால் கால் உறைவது. இதற்கும் பவரைக் கூட்டியதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு பேசுவது, எப்போது அடுத்ததற்குத் தாவுவது என்பதை முடிவு செய்வது லேப்டாப்தான். ஆக்சஸ் பாயின்ட் பரிந்துரைக்கலாம், மிஞ்சிப்போனால் துண்டித்துவிடலாம், அவ்வளவுதான். கீழே உள்ள ஆக்சஸ் பாயின்ட் பலமாகக் கத்தினால், மேல்தளத்துக்குப் போன லேப்டாப்புக்கும் அது நன்றாகவே கேட்கும், அதனால் தலைக்கு மேலேயே இன்னொன்று இருந்தும் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் லேப்டாப்பின் குரல் அவ்வளவு பலம் கிடையாது. அது அனுப்புவது கீழே சரியாகப் போய்ச் சேராமல், அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். திரையில் கோடு ஃபுல்லாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கோடு லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது.

செல்போன் மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. எப்போது தாவுவது என்ற அளவுகோல் கருவிக்குக் கருவி மாறும். ஆப்பிள் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: ஐபோன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) குறைந்தால் வேறு ஆக்சஸ் பாயின்ட்டைத் தேடும், மேக் லேப்டாப் மைனஸ் 75 வரை பொறுத்திருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் இது வைஃபை கார்டின் டிரைவரைப் பொறுத்தது. இன்டெல் கார்டாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அட்வான்ஸ்டு பகுதியில் ரோமிங் அக்ரசிவ்னெஸ் என்று ஒன்று இருக்கும், அதை ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். ஆனால் 70 லேப்டாப்பிலும் அதைத் தொடுவதற்கு முன்னால் ஆக்சஸ் பாயின்ட் பவரைக் குறையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 12 முதல் 15 டிபிஎம், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதைவிட 6 குறைவாக, இதிலிருந்து தொடங்குங்கள். குறைத்த பிறகு உட்காரும் இடம் எல்லாவற்றிலும் மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல சிக்னல் வருகிறதா என்று நடந்து பாருங்கள். விண்டோஸ் சதவீதமாகக் காட்டினால் பாதியாக்கி 100-ஐக் கழியுங்கள், 66 சதவீதம் என்றால் மைனஸ் 67. நடக்கும்போது அதே கமாண்டில் பிஎஸ்எஸ்ஐடி (BSSID, இணைந்திருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டின் முகவரி) மாறுகிறதா என்றும் பாருங்கள், தளம் மாறியும் அது மாறவில்லை என்றால் லேப்டாப் இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் சேனல். ஒரே சேனலில் இருக்கிறவர்கள் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், வைஃபையின் இயல்பே அது. 2.4-இல் ஒன்றோடொன்று உரசாத சேனல் 1, 6, 11 என மூன்றுதான், 6 ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அது போதாது, அதனால் பாதி ஆக்சஸ் பாயின்ட்டில் 2.4-ஐ அணைத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் போட்டிருந்தால் 40-க்கோ 20-க்கோ இறக்குங்கள். லிங்க் ஸ்பீடு எண் குறையும், இரண்டு ஆன்டெனா உள்ள 802.11ஏசி லேப்டாப்பில் 866 காட்டியது 20 மெகாஹெர்ட்ஸில் 173 ஆகும், யாராவது வந்து புகார் சொல்வார்கள். விளக்கிச் சொல்லுங்கள், ஏனென்றால் கூட்டமான அலுவலகத்தில் தங்கள் முறை சீக்கிரம் வருவதுதான் அவர்களுக்கு வேகமாகத் தெரியும். 11 எம்பிபிஎஸ்ஸும் அதற்குக் கீழான வேகங்களும் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடலாம், ஆனால் பேக்கிங் பகுதியில் பழைய பார்கோடு ஸ்கேனர் இருந்தால் முதலில் அது எந்த வேகத்தில் இணைகிறது என்று பாருங்கள். வைஃபை பெயர்களையும் மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் விநாடிக்குச் சுமார் 10 முறை அறிவிப்பு விட்டுக்கொண்டே இருக்கும்.

லேப்டாப் பக்கம் டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய இன்டெல் டிரைவர் சிலவற்றுக்கு 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6) நெட்வொர்க் கண்ணுக்கே தெரியாது. டாக், வெளி ஹார்ட் டிஸ்க் போன்ற யுஎஸ்பி 3 பொருள்கள் 2.4-ஐக் கெடுக்கும், அந்த லேப்டாப்பை 5-க்கு மாற்றினால் போதும்.

கடைசியாக, சீலிங்குக்குப் போகும் கேபிள். ஒரு அலுவலகத்தில் இரண்டு நாள் சேனலை மாற்றிக்கொண்டே இருந்தோம், ஒரு மூலையில் மட்டும் வேகம் 90-ஐத் தாண்டவில்லை. நெட்வொர்க் ஸ்விட்சில் பார்த்தால் அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது, கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போயிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும், அதனால் லைட்டெல்லாம் ஒழுங்காகவே எரிந்தது. அதே ஸ்விட்ச் பக்கத்தில் பிஓஇ (PoE, நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) அளவையும் பாருங்கள். 30 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 15.4 வாட் மட்டும் கொடுத்தால், பல மாடல்கள் சத்தமில்லாமல் ரேடியோவின் ஒரு பகுதியை அணைத்துக்கொள்ளும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஸ்விட்ச் போர்ட், சைஃபர், பவர், சேனல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே லேப்டாப், அதே மேசை, காலை 11 மணி போன்ற நெரிசலான நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். இதற்குப் பிறகும் கால் உறைந்தால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்' (netsh wlan show wlanreport) கொடுங்கள், கடைசி மூன்று நாளில் எப்போது எதனால் இணைப்பு அறுந்தது என்று வந்துவிடும். அந்த ரிப்போர்ட்டோடு ஆக்சஸ் பாயின்ட் மாடலையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.