மகள் வாள் பிடிக்கட்டும், சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்

அன்புள்ள அம்மா,

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் மாவட்ட வாள்வீச்சுப் போட்டியில் வெள்ளி வாங்கியிருக்கிறாள். மாநிலப் போட்டிக்குத் தயார்ப்படுத்தலாம் என்கிறார் பயிற்சியாளர். ஒன்பதாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியில் சேர்த்துவிட வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்கிறார். நடுவில் நிற்கும் நீங்கள், வாளும் உடுப்பும் வாங்கச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் அம்மாவும் நகையை அடகு வைத்தாராமே" என்ற வரியும் கடிதத்தில் இருக்கிறது. அந்த வரிதான் என்னை யோசிக்க வைத்தது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வைத்தார், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு யார் யார் கை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பவானி தேவியின் கதையை நம் ஊரில் ஒலிம்பிக்கிலிருந்து பின்னோக்கிச் சொல்கிறார்கள். பெற்றோராகிய நீங்கள் அதை ஆண்டு வாரியாக முன்னோக்கிப் படித்தால்தான் உங்களுக்குப் பயன்படும்.

அவர் 1993இல் சென்னையில் பிறந்தவர். அப்பா கோயில் அர்ச்சகர், அம்மா ரமணி இல்லத்தரசி. 2004இல் பள்ளியில் விளையாட்டுகளுக்கு ஆள் சேர்த்தபோது மற்றவற்றில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது, மிச்சமிருந்தது வாள்வீச்சு. இது செலவு பிடிக்கும் விளையாட்டு, உன் அப்பாவுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்டார்களாம். சிறுமி தொகையைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துகொண்டார். பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் பயிற்சிக்கு மூங்கில் குச்சிதான். மின்னிணைப்புள்ள வாள் விலை அதிகம், முறிந்தால் வேறு வாங்க வழியில்லை. ஆகவே அதைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தி வைப்பார்கள்.

பதினான்கு வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. களத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தார் என்று நடுவர் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். விசா, விமானம், தங்குமிடம் என்று குடும்பம் புரட்டிக் கொடுத்த பணம் முழுவதும் மூன்று நிமிடத்தில் போயிற்று. மகளை அனுப்புவதற்கு முன் உங்கள் கணவரிடம் இதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். இந்த விளையாட்டில் பணம் இப்படியும் போகும் என்று தெரிந்தே இறங்குவது நல்லது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேரளத்துத் தலசேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் சாகர் லாகு. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான திருப்பம் இதுதான், ஏனென்றால் மையத்தில் சேர்ந்தபின் அன்றாடப் பயிற்சி, தங்குமிடம், உணவு ஆகியவற்றின் சுமை வீட்டிலிருந்து பெருமளவு இறங்கியது. படிப்பையும் அவர் விடவில்லை. அதே ஊரின் அரசு பிரென்னன் கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டம் முடித்தார். 2009இல் மலேசியாவில் காமன்வெல்த் வாள்வீச்சில் வெண்கலம், 2014இல் பிலிப்பைன்ஸில் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி. ராகுல் திராவிட் பெயரிலான வழிகாட்டித் திட்டத்தின் கீழ் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை அவரை ஏற்றுக்கொண்டது 2015இல். இத்தாலியின் லிவோர்னோ நகரில் நிக்கோலா சனோட்டியிடம் பயிற்சி பெற்றது அந்தக் காலத்தில்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. 2017இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் தங்கம், 2018இல் கான்பெராவில் காமன்வெல்த் தங்கம். 2021 மார்ச்சில் தரவரிசை வழியாக டோக்கியோவுக்கு இடம் உறுதியானது. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. குச்சி பிடித்த நாளிலிருந்து ரெய்க்யவிக் தங்கம் வரை பதின்மூன்று ஆண்டு, ஒலிம்பிக் வரை பதினேழு ஆண்டு. நீட் என்பது இரண்டு மூன்று ஆண்டுச் சுமை. இது வேறு கணக்கு. இதில் பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே போகத் தொடங்கும். பெற்றோர் பலர் தடுமாறுவது பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா என்ற கேள்வியில் அல்ல. நடுவில் உள்ள ஐந்தாறு ஆண்டுகளுக்கான செலவை யார் ஏற்பது என்று யோசிக்காமல் முதல் ஆண்டிலேயே கையிருப்பைக் காலி செய்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு உண்மையாகவே பணம் தேவைப்படும் பதினாறு வயதில் வீட்டில் அடகு வைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அதனால் இப்போது சங்கிலியைத் தொடாதீர்கள். உங்கள் மகள் ஆடுவது சேபர் என்று எழுதியிருக்கிறீர்கள். வாள்வீச்சில் மூன்று ஆயுதங்கள். ஃபாயிலில் தலை, கை, கால் தவிர்த்த உடற்பகுதியில் மட்டும் குத்த வேண்டும். எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே தொட்டாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே தலை, கை உட்பட, குத்தலாம், வெட்டலாம். பவானி தேவியின் ஆயுதமும் இதுதான். சேபர் வாளின் முனையில் மின் பொத்தான் கிடையாது, அந்த வகையில் வாள் எளியது. ஆனால் உடம்பில் பட்டதை இயந்திரம் உணர வேண்டுமென்றால் உலோக இழை கலந்த லாமே மேலங்கி, மின்சாரம் கடத்தும் முகக்கவசம், கையுறையின் மேலுறை, உடம்புக்குள் ஓடும் வயர் எல்லாம் வேண்டும். செலவு அங்கேதான் ஏறுகிறது. லாமேயும் வாளும் மாவட்ட, மாநில நிலையில் சங்கத்திடமோ பயிற்சியாளரிடமோ பொதுவில் இருக்கும், கேட்டு வாங்கி ஆடலாம். கையுறை, காலணி, உள்ளே அணியும் பாதுகாப்பு உடுப்பு ஆகியவை மட்டும் சொந்தமாக, அளவாக இருக்கட்டும். பிறகு முகக்கவசம். பழைய முகக்கவசத்தை விலை மலிவு என்று வாங்காதீர்கள். வலை தளர்ந்திருந்தால் அது கண்ணோடு விளையாடுவது. வளரும் பிள்ளைக்கு இன்று தைத்த லாமே அடுத்த ஆண்டு முழங்கை தெரிய நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள், கணவரோடு. 14 மீட்டர் நீளக் களம். இருவர் முதுகுப் பக்கத்திலிருந்தும் வயர் நீண்டு சுருள் பெட்டியில் முடியும். நடுவர் சைகை காட்டியதும் இருவரும் பாய்வார்கள், ஒரு நொடிக்குள் இரண்டு விளக்கும் எரியும். யாருக்குப் புள்ளி? தாக்குதலை முதலில் தொடங்கியவர் யார் என்று நடுவர் தீர்மானிப்பார். தோற்ற பிள்ளை முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எதிராளிக்கு வாள் வணக்கம் வைக்க வேண்டும், அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும். உங்கள் மகள் அந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறாள் என்று கவனியுங்கள். பதக்கத்தைவிட அது எனக்கு அதிகம் சொல்லும். நடுவரோடு மல்லுக்கு நிற்கிறாளா, அடுத்த ஆட்டத்துக்குள் மீண்டுவிடுகிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.

டோக்கியோவில் 2021 ஜூலை 26 அன்று பவானி தேவி முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாதியா பென் அஜிஜியை 15-3 என்று வென்றார். அடுத்து பிரான்சின் மனோன் புருனே; 7-15 தோல்வி. புருனே அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். அப்படிப்பட்டவரிடம் தோற்றதற்குப் பவானி தேவி நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டார். அது தேவையில்லாத மன்னிப்பு என்பது என் கருத்து. வெல்ல முடியாமல் போனதற்காக மன்னிப்புக் கேட்க வைக்கும் சுமையை நாம் பிள்ளைகள் தோளில் வீட்டிலிருந்தே ஏற்றிவிடுகிறோம். "உனக்காகச் சங்கிலியை வைத்தேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், பதின்மூன்று வயதுப் பெண் களத்தில் கை நடுங்க. சங்கிலி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டோக்கியோவுக்குப் பிறகு அவர் பிரான்சில் கிறிஸ்தியான் பாவரிடம் பயிற்சிக்குப் போனார். 2023இல் சீனாவின் வூஷியில் ஆசியச் சாம்பியன்ஷிப் காலிறுதியில், அப்போதைய உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தினார். அரையிறுதியில் ஒரே புள்ளியில், 14-15, தோல்வி, வெண்கலம். சீனியர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு வாள்வீச்சில் அது முதல் பதக்கம். உலகச் சாம்பியனையே வென்றவருக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை. உச்சிக்குப் போனவர் நிலையே இது. அர்ஜுனா விருதும் தமிழ்நாடு மின்வாரியத்தில் வேலையும் அவருக்கு உண்டு. மாநில அளவில் நின்றுவிடும் ஒரு பெண்ணுக்கு என்ன உண்டு என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

உண்டு, ஆனால் தானாக வராது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. மருத்துவத்தில் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதற்கும் நீட் எழுதியாக வேண்டும் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம், நடுவர் தகுதித் தேர்வு, உடற்கல்வி என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. நல்ல நிலைக்கு வந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட், மிம்ஸ் போன்ற உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சிச் செலவை அரசு ஏற்கத் தொடங்குவது அங்கேதான்.

இவை அனைத்துக்கும் சாவி சான்றிதழ். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "தேசியச் சாம்பியன்ஷிப்", "சர்வதேசக் கோப்பை" என்று பளபளப்பான பெயரில் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு யார் யாரோ போட்டி நடத்துகிறார்கள். கலந்தாய்வு மேசையில் அந்தச் சான்றிதழைப் பார்த்த அலுவலர் அப்படியே திருப்பிக் கொடுத்ததால், கழுத்து நிறையப் பதக்கத்தோடு வந்த மாணவன் ஒருவன் வெறுங்கையோடு திரும்பியதை எனக்குத் தெரியும். இந்திய வாள்வீச்சு சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற மாநிலச் சங்கம், பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, பிற்பாடு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, கேலோ இந்தியா: இவற்றில் ஆடிய ஆட்டத்துக்குத்தான் மதிப்பு. எந்தப் போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் பயிற்சியாளரிடம், "இதன் சான்றிதழ் எந்தப் படிவத்தில் வரும், யார் கையெழுத்து?" என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீட் பற்றி. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தனிப்பயிற்சி வேண்டாம், பள்ளிப் பாடம் மட்டும் ஒழுங்காக நடக்கட்டும். கணக்கும் அறிவியலும் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்போது அவள் தேசிய அளவிலான 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்போம். முதல் எட்டுக்குள் வந்துகொண்டிருந்தால் விளையாட்டு விடுதியோ ஆணைய மையமோ தேடுவோம், அங்கிருந்தபடி மேல்நிலைப் படிப்பு. வரவில்லை என்றால் அறிவியல் பிரிவில் சேர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் வாள் பிடிக்கட்டும். முழுதாக நிறுத்தச் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் லீ கீஃபர் ஃபாயிலில் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தனிநபர் தங்கம் வென்றவர்; கெண்டக்கியில் மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தவர். அங்குள்ள கல்லூரி முறை வேறு, நம் மருத்துவக் கல்லூரியில் அது எளிதல்ல. ஆனாலும் "இதுவா, அதுவா" என்று எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை என்று காட்ட இந்த ஒரு பெயர் போதும். ஜெர்மனியின் தோமஸ் பாக் 1976இல் ஃபாயில் குழுத் தங்கம் வென்றவர், சட்டம் படித்தவர், பிறகு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். உங்கள் கணவருக்கு இந்தப் பெயர் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள், கையில் தழும்பு விழுந்தால் நாளை கல்யாணத்துக்குக் கேள்வி வருமே என்று மாமியார் கவலைப்படுகிறார் என்று. பாதுகாப்பு உடுப்புக்கு மேல் வெட்டுக்காயம் படுவது அரிது; கன்றிப்போவதும் முழங்கால், கணுக்கால் வலியும்தான் வழக்கம். அவரிடம் அதைச் சொல்லுங்கள், மற்றதற்குப் பதில் சொல்ல அவள் வளரட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் மகளின் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் முதலில் கேட்பது அதைத்தான். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னாலும் மற்றொன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னாலும் இருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும் நேரத்தில் அலைச்சல் ஆகும். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே மாநிலப் போட்டி அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே தொடங்கிவிடுங்கள்.