கடல்தொட்டியில் மிதக்கும் காற்றாலைச் சோதனை: விசிறிக்குப் பதில் கம்பி ரோபோ ஏன், எப்படி?

கேள்வி: மிதக்கும் காற்றாலையின் 1:50 மாதிரியைத் தொட்டியில் சோதிக்க, விசிறியை விட்டுவிட்டுக் கம்பியால் இழுக்கும் ரோபோவை ஏன் நாடுகிறார்கள்? இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதை அமைக்க முடியுமா?

பதில்:

முடியும், சிறிய அளவில். முதலில் காரணம். அலைக்காக ஃப்ரூட் விதிப்படி (ஈர்ப்பு, நிறை விசைகளின் விகிதம் மாறாமல் சுருக்கும் முறை) 1:50 ஆகச் சுருக்கினால், காற்றின் ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டு ஓட்டத்தின் வலுவைச் சொல்லும் எண்) ஏறத்தாழ 350 மடங்கு விழுந்துவிடும். அந்தக் காற்றில் குட்டி இறக்கை, பெரிய இறக்கைபோல் நடந்துகொள்ளாது. அதனால் காற்றைக் கணினிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். மாதிரியின் அசைவைக் கேமராக்கள் அளக்கும். சுழலியின் (இறக்கைகள் சுற்றும் பகுதி) மேல் விழும் விசையைக் கணினி அந்த நொடியே கணக்கிடும். மோட்டார்கள் அதைக் கம்பி வழியாகக் கோபுர உச்சியில் கொடுக்கும். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் 5 மெகாவாட் காற்றாலையை 1:30 அளவில் இப்படித்தான் சோதித்தார்கள்.

கம்பி இழுக்கும், தள்ளாது. ஆறு அசைவுத் திசைகளையும் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி) ஆள வேண்டுமானால் குறைந்தது 7 கம்பி, வழக்கத்தில் 8. உந்துவிசை (காற்று சுழலியைப் பின்னோக்கித் தள்ளும் விசை) மட்டும் போதுமென்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உங்களுக்கு இந்த இரண்டே போதும். எட்டுக்கு ஆசைப்பட்டால் திட்ட ஆண்டு முழுவதும் மென்பொருளோடு போய்விடும்.

15 மெகாவாட் காற்றாலையின் உச்ச உந்துவிசை சுமார் 24 லட்சம் நியூட்டன். 50-இன் முப்படியால் வகுத்தால் 19 நியூட்டன். ஒரு கம்பியைப் பாதி கூட்டி, எதிர்க்கம்பியைப் பாதி குறைத்து இதைக் கொடுப்பீர்கள். ஆகவே தொடக்க இழுவிசை 10-க்குக் கீழே போனால் ஒரு கம்பி தொய்ந்து, மறுபடி விறைக்கும்போது சுண்டும். 20 நியூட்டன் வையுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. விறைத்த கம்பி பக்கவாட்டில் ஸ்பிரிங்போல் வேலை செய்யும். அதன் விறைப்பு, இழுவிசையை நீளத்தால் வகுத்த அளவு. 4 மீட்டர் நீளத்தில் 20 நியூட்டன் என்றால் கம்பிக்கு மீட்டருக்கு 5, இரண்டுக்கும் 10 நியூட்டன். நங்கூரச் சங்கிலிகளின் விறைப்பு நிஜத்தில் மீட்டருக்கு 60 கிலோநியூட்டன் என்று வைத்தால், 50-இன் இருபடியால் வகுக்க, மாதிரியில் வெறும் 24 நியூட்டன் தான். 24 இருக்க வேண்டிய இடத்தில் 34! பக்கவாட்டு அலைவுக் காலம் 16 சதவீதம் குறைந்துவிடும். கம்பியை 10 மீட்டராக நீட்டினால் கூடுதல் 4 ஆக இறங்கும். சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜில் உள்ள டிகாம்ஸ் (TCOMS) ஆய்வு மையத்தின் தொட்டி போல 60-க்கு 48 மீட்டர் பரப்பு இருந்தால் நீட்ட இடமுண்டு. ஒடுங்கிய பல்கலைக்கழக அலைக்கால்வாயில் பக்கவாட்டு அசைவு முடிவுகளைச் சந்தேகத்தோடே பாருங்கள்.

கம்பியை நேராக மோட்டாரில் கட்டாதீர்கள். 1 மில்லிமீட்டர் எஃகு வடம் 4 மீட்டர் நீளத்தில், மோட்டார் 1 மில்லிமீட்டர் பிசகினாலே 10 நியூட்டனுக்கு மேல் பிழை தரும். நடுவில் மீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் போட்டால் அதே பிசகுக்கு 0.1 நியூட்டன். விலை என்னவென்றால், விசையை 10 நியூட்டன் மாற்ற மோட்டார் 10 சென்டிமீட்டர் சுற்ற வேண்டும், மாதிரியின் அசைவு தனி. கம்பியின் இழுவிசையை அளக்கும் லோட் செல்லை மாதிரிப் பக்கம் வையுங்கள். மோட்டார் பக்கம் வைத்தால் கப்பியின் உராய்வையும் சேர்த்துப் படிக்கும்.

தாமதமும் தொந்தரவுதான். மாதிரி முன்னே நகர, மோட்டார் 20 மில்லிநொடி பிந்தினால் முன்கம்பி தளர்ந்து பின்கம்பி இறுகும். நிஜத்தில் இல்லாத தணிப்பு (அசைவை அடக்கும் விசை) ஒன்று முளைக்கும். வேகத்தைக் கொண்டு முன்கணிப்புச் செய்து ஈடுகட்டலாம். அளவு மீறினால் தணிப்பு எதிர்மறையாகி மாதிரி தானாகவே ஆடத் தொடங்கும்.

இதைப் பிடிக்க எளிய வழி: கம்பியில்லாமல் மாதிரியை இழுத்துவிட்டு அலைவு தணிவதைப் பதியுங்கள். பிறகு கம்பி பூட்டி, இழுவிசையை மாறாமல் வைத்து அதையே செய்யுங்கள். காலமும் தணிப்பும் ஒத்துவரும்வரை அலை உண்டாக்கியைத் தொடவே வேண்டாம்.

மாதிரியில் ஒட்டிய குறியைக் கேமரா தவறவிட்டால் என்ன ஆக வேண்டும் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். மோட்டார் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டால் அடுத்த அலை கோபுரத்தை முறிக்கலாம். மோட்டாருக்கு மின்சாரத்தை அறுத்தால் கம்பி தொய்ந்து கப்பியிலிருந்து நழுவலாம். லோட் செல் அளவை மட்டும் நம்பித் தொடக்க இழுவிசைக்குத் திரும்புமாறு நிரலில் எழுதுங்கள்.