கடல் பார்த்த அறையா, பேருந்து நிற்கும் ஊரா?

கேள்வி: செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் கணவரும் மால்டாவின் கோசோ தீவில் தங்கப் போகிறோம். கார் எடுக்கும் உத்தேசம் இல்லை. அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஷ்லெண்டியில் கடல் பார்த்த அறை கிடைக்கிறது. விக்டோரியா, மார்சல்ஃபோர்ன், ஷாரா என்றும் சொல்கிறார்கள். எந்த ஊர் சரிப்படும்?

பதில்: கடல் பார்த்த அறை என்றதும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள் அம்மா. கோசோவின் நீளமே 14 கிலோமீட்டர்தான், அகலம் 7. எங்கே தங்கினாலும் கடல் பக்கத்தில்தான். நீங்கள் பார்க்க வேண்டியது பேருந்தை. அநேகமாக எல்லாப் பேருந்தும் நடுவிலிருக்கும் விக்டோரியாவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பி வரும். ஷ்லெண்டியில் இருந்துகொண்டு ரம்லாவின் செம்மணல் கடற்கரைக்குப் போவதென்றால், விக்டோரியா வந்து வண்டி மாற வேண்டும். வெயிலில் காத்திருக்கவும் வேண்டும்.

ஷ்லெண்டி அழகில்லை என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே கடல் புகுந்த சின்னக் குடா. ஆனால் கரையோரம் இடம் கொஞ்சம்தான். மற்ற வீடுகளெல்லாம் மேட்டில் ஏறிக்கொண்டே போகும். 'கடலிலிருந்து 200 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள்; அந்த 200 மீட்டரும் ஏற்றமா என்று போட மாட்டார்கள். எழுதிக் கேளுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்பதையும் கேளுங்கள். பழைய கல் வீடுகளில் படுக்கையறை மாடியில் இருக்கும். ஏறிப்போகக் குறுகலான வளைவுப் படிக்கட்டு. படத்தில் பார்க்க ஜோராக இருக்கும், முழங்காலுக்கு ஆகாது.

மார்சல்ஃபோர்ன் கரையோரம் நடக்கத் தோதானது. அங்கிருந்து நடந்தே போனால் ஷ்வெய்னியில் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகள் வரும்; கோடையில் இன்றும் உப்பு எடுக்கிறார்கள். ஊர் என்னவோ எனக்கு ரசிக்கவில்லை, அடுக்குமாடிகள் அதிகம்.

ஷாராதான் எனக்குப் பிடித்த ஊர். மேட்டின் மேல் சதுக்கம், அதில் மாதா கோயில், சுற்றி உணவகங்கள். ஜகந்தியா கற்கோயில்கள் நடக்கிற தூரத்தில். எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை, கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியவை. ஆனால் நீங்கள் போகும் சமயம் கவனியுங்கள்: செப்டம்பர் 8 ஷாராவின் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் வாத்தியக் குழு, தோரணம், அப்புறம் காலையிலேயே காதைப் பிளக்கும் வெடி. திருவிழா பிடிக்குமென்றால் இதைவிட நல்ல வாரம் கிடையாது. தூக்கம் முக்கியமென்றால் ஒருநாள் மாலை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். நாடு முழுக்க செப்டம்பர் 8 அன்று விடுமுறை, படகில் கூட்டம் நெரியும். அந்த நாளில் ஊர் மாற வேண்டாம்.

ஆக, உங்களுக்கு விக்டோரியாதான். பேருந்து நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற தூரத்தில் அறை பாருங்கள். மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும். காலையில் இத்தோக் சதுக்கத்தில் காப்பி, வெயில் தாழ்ந்ததும் மெதுவாகக் கோட்டைக்கு. மதிலில் நின்றால் தீவு முழுக்கத் தெரியும். ஊருக்கு ஊர் ஒரு கோயில் கோபுரமாக எண்ணலாம். ஒரே தெருவில் இரண்டு ஆப்பரா அரங்குகள், இரண்டு வாத்தியச் சங்கங்கள் போட்டி போட்டுக்கொண்டு நடத்துகின்றன; இவ்வளவு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்! ஊர்க்காரர்கள் விக்டோரியாவை ரபாத் என்பார்கள், குழம்ப வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ்1 பேருந்து சிர்கேவா படகுத்துறைக்குப் போகும். அங்கிருந்து கோசோவின் துறைமுகமான இம்ஜாருக்குப் படகில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள்.

கேள்வி: அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், கேட்டு வாங்கினால். கோசோ ஃப்திரா என்ற தட்டை ரொட்டியில் உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி அடுக்கி அடுப்பில் சுடுவார்கள். நெத்திலி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டாணி வைத்துச் சுட்ட பஸ்தித்ஸி என்ற மாவுப் பண்டம் மலிவு, பசிக்கு நல்லது. ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஜ்பெய்னாவுக்கு உறை விலங்கிலிருந்து எடுப்பது. நீங்கள் எவ்வளவு கண்டிப்பான சைவம் என்பதைப் பொறுத்தது அது.