ஓசி பியானோவா, புது கீபோர்டா?

கேள்வி: ஒன்பது வயது மகள் பியானோ கற்க ஆசைப்படுகிறாள். உறவினர் ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பியானோவைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, சின்ன கீபோர்டே போதுமா?

பதில்: உடனே தலையாட்டிவிடாதீர்கள். நானும் ஓசி பியானோவை ஆள் வைத்துத் தூக்கி வந்தவள்தான். சுவரோரம் நிற்கும் ரகமே பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டும். ஸ்ருதி சேர்க்க வந்தவர் கம்பியை இறுக்கும் ஒரு முளையைத் திருகிவிட்டுக் கையை எடுத்தார். அது மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. முளைகளைப் பிடித்திருக்கும் பலகையில் வெடிப்பு. சுமார் 230 கம்பிகள் டன் கணக்கில் இழுக்கும்போது மரம் விட்டுக்கொடுத்தால் ஸ்ருதி எப்படி நிற்கும்? அப்புறம் அது பல வருஷம் பூச்சாடி வைக்கத்தான் உதவியது.

ஆகவே, தூக்குவதற்கு முன்பே டியூனர் ஒருவரிடம் காட்டுங்கள். முளைகள் இறுக்கமாக இருக்கின்றன என்றால் தாராளமாக வாங்குங்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஸ்ருதி சேர்க்கும் செலவு உண்டு.

இல்லையென்றால் 88 கட்டைகளும், நிஜ பியானோவின் கனத்தை விரலுக்குத் தரும் ஹேமர் ஆக்‌ஷனும் உள்ள டிஜிட்டல் பியானோ. பியானோவில் கட்டையை அழுத்தும் வேகம்தான் சுத்தி கம்பியில் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கீபோர்டில் தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். அப்படி ஒன்றில் இரண்டு வருஷம் பழகிய பையன் என்னிடம் வந்தான். மென்மையாக வாசி என்றேன். பாதி ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. சுத்தி கம்பியைத் தொடும் முன்பே விழுந்துவிட்டது. பாவம், கட்டை பழுது என்று நினைத்துக் குனிந்து பார்த்தான்.

கையைக் கடிக்கிறதென்றால், டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கட்டை கீபோர்டு முதல் வருஷத்துக்குத் தாங்கும். இரு கைகளும் விரிய ஆரம்பித்ததும் இடம் போதாது. நூற்றுக்கணக்கான வாத்தியச் சத்தங்கள், தானாக அடிக்கும் தாளம் இதற்கெல்லாம் மயங்காதீர்கள். குழந்தை அதைத்தான் நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருக்கும். கடையில் ஒரே கட்டையை ஒருமுறை மெல்ல, ஒருமுறை ஓங்கி அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் கேட்கவில்லையா, அடுத்ததைப் பாருங்கள். ஸ்டாண்டும் சேர்த்தே வாங்குங்கள். கட்டிலில் வைத்து வாசித்து வளைந்த மணிக்கட்டை நிமிர்த்த எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.